முதல் மூன்று மாதம் எங்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்: வடசென்னைத் தனியார் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய பகுதிகளில் சிறிதும் நடுத்தரமுமான தனியார் மருத்துவமனைகளை நடத்தும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். அத்தகைய மருத்துவமனை ஒன்றில் அண்மையில் பணியில் சேர்ந்த செவிலியர் நான். இதற்கு முன் பல ஆண்டுகள் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், துறைமுகம் வழியாக வந்து போகும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். முப்பது வயதைக் கடந்த பிறகு செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்து, படித்து முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்று வார்டுக்குள் வந்திருக்கிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேரும் செவிலியரை, அவர் இருபத்தோரு வயதில் வந்தாலும் முப்பத்தாறு வயதில் வந்தாலும், முதல் மூன்று மாதம் டியூட்டிப் பட்டியலின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அதாவது வார்டுக்குத் தேவையான செவிலியர்களில் ஒருவராகக் கணக்கிடாதீர்கள். அந்த மூன்று மாதமும் இன்னார் என்று பெயர் குறித்த ஒரு மூத்த செவிலியரோடு அவரை வேலை செய்ய விடுங்கள். வேறு தொழிலிலிருந்து வந்தவரின் வயதைப் பார்த்து, அவருக்கு வார்டு அனுபவமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேனே என்று தோன்றலாம். அரசுப் பணிக்குச் செல்ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை எங்களில் பெரும்பாலோர் தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் உங்கள் வார்டுகளே. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

எங்களைப் போன்றோர் எப்படி வருகிறோம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் நேர்காணலில் இதை விரிவாகக் கேட்பவர்கள் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தவர் பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர முடியாது. அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்னும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிலோ எந்தப் பாடப்பிரிவினரும் சேரலாம், மேல் வயது வரம்பு 35 என்று இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி சொல்கிறது. எனவே வணிகவியல் போன்ற பிரிவில் படித்து, முப்பதைத் தாண்டி இத்தொழிலுக்கு வர நினைப்பவருக்குப் பெரும்பாலும் இருப்பது இந்த வழிதான். என்னோடு படித்தவர்களில் தோல் ஏற்றுமதித் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர் இருந்தார், மழலையர் பள்ளி ஆசிரியை இருந்தார், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்தவர் இருந்தார். காசிமேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்து, கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவரும் இருந்தார். எல்லோரும் கையில் வந்துகொண்டிருந்த வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வந்தோம். தந்தையையோ குழந்தையையோ மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்ட நாட்களில், ஏதோ ஒரு செவிலியர் வேலை செய்த விதத்தைக் கண்டு இந்த முடிவை எடுத்தவர்களே எங்களில் மிகுதி.

இனி வார்டுக்கு வருகிறேன். பல மருத்துவமனைகளில் முதல் நாள் காலையில் சீருடைக்கு அளவெடுப்பார்கள், கைரேகைப் பதிவு நடக்கும், தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். மதியத்துக்குள் வார்டில் விடுவார்கள். அந்த வாரமே புதியவர் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார். அதாவது வார்டுக்கு மூன்று செவிலியர் வேண்டுமென்றால் அந்த மூவரில் ஒருவராகக் கணக்கிடப்பட்டு, மற்ற இருவருக்குச் சமமாக நோயாளிகளைப் பெறுகிறார். பொது வார்டில், போதனா மருத்துவமனையானால் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும் மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும் இருக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். அந்த அளவு அனுபவமுள்ள செவிலியருக்கே கிடைப்பதில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தச் சுமையில் சம பங்கைப் புதியவருக்கும் கொடுக்கும்போது அவர் நோயாளியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்.

படிப்பில் எங்களுக்குக் குறை வைக்கவில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் வழியையும் நேரத்தையும் நோயாளியையும் சரிபார்க்க வேண்டும் என்று ஒப்பிக்காமல் யாரும் தேர்ச்சி பெறுவதில்லை. வார்டில் கற்க வேண்டியவை வேறு வகையானவை: அந்த மருத்துவமனையில் சிரைக்குள் மருந்தை அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், மருந்தகத்துக்கு இன்டென்ட் என்னும் கோரிக்கைச் சீட்டைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் வரும், எந்த மருத்துவரின் கையெழுத்தில் எந்த எழுத்து எப்படித் தெரியும், தொலைபேசியில் சொல்லப்படும் உத்தரவை எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினால் யார் பொறுமையாகக் கேட்பார், யார் கோபப்படுவார், கோபப்படுபவரிடமும் எப்படிப் படித்துக் காட்டுவது. இவற்றைப் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து மட்டுமே கற்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் வார்டுகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தி கொண்டது. அதற்கு உரியது சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் அடர்த்தியுள்ள இன்சுலினும் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு நிறம். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் என்னும் மருந்துக் குழல்களும் பெரும்பாலும் இந்த 100 யூனிட் அடர்த்தியில்தான் வருகின்றன. காலை உணவுக்கு முந்தைய அவசரத்தில், நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, பேனா ஊசி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த சிவப்பு மூடி சிரிஞ்சால் எடுத்தால், சிரிஞ்சில் கோடு 20 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 50 யூனிட். மருந்தின் பெயர் சரி, நோயாளி சரி, நேரம் சரி, எழுதப்பட்ட எண்ணும் சரி; உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. உணவு வருவதற்குள் நோயாளி வியர்த்து மயங்கிவிடக்கூடும். பாடத்தில் இது ஒரு வரி. வார்டில், ஒரு மூத்த செவிலியர் மருந்து டிராலியின் முன் நின்று இரண்டு சிரிஞ்சுகளையும் கையில் கொடுத்து, கோடுகளை எண்ணச் சொல்லி, "வீட்டு இன்சுலின் வந்தால் முதலில் லேபிளில் இந்த எண்ணைப் பார்" என்று சொல்லும்போதுதான் அது கைக்குப் பழகுகிறது. எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் கிடைத்தார். அவர் அன்று அந்த டியூட்டியில் இருந்தது தற்செயல்; நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு அதில் எதுவும் இல்லை. நான் மாற்றச் சொல்வது அந்தத் தற்செயலைத்தான்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை, அதாவது அந்த மருந்து வரும் சிறு குப்பியைப் பற்றியும் இதையே சொல்லலாம். நீர்க்காமல் சிரைக்குள் நேரடியாகச் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அந்த மருந்து, கிருமி நீக்கிய வெறும் நீரான ஸ்டெரைல் வாட்டர் இருக்கும் அதே தட்டில், அதைப் போலவே தோற்றமளிக்கும் ஆம்பியூலில் கிடக்கிறது. துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் வாயிலைத் தாண்டும் முன் அதன் சீல் எண்ணை ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் தாளில் ஒத்துப் பார்ப்பார். இருவரில் ஒருவர் பேசாவிட்டால் வண்டி நகராது. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி நம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இரவில் வார்டில் இருப்பது ஒரே ஒரு செவிலியர் என்றால், அவரும் புதியவர் என்றால், இரண்டாவது கையெழுத்தை யார் போடுவது?

இப்போது வயதைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுதத் தூண்டியதே இதுதான்.

முப்பத்தைந்து வயதுப் பெண் சீருடையோடு வார்டில் நின்றால், நோயாளியின் உறவினர்கள் அவரைத்தான் பொறுப்பானவர் என்று எண்ணி நேராக வருகிறார்கள். புதிதாக வந்த டியூட்டி டாக்டரும் அப்படியே எண்ணுகிறார். நிர்வாகமும் சில நேரம் அப்படியே எண்ணி, "நீங்கள் பக்குவமானவர், சமாளித்துவிடுவீர்கள்" என்று சொல்லி, இருபத்திரண்டு வயதுக்காரர்களுக்குக் கொடுக்கத் தயங்கும் இரவு டியூட்டியை எங்களுக்கு முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுகிறது. பக்குவம் எங்களிடம் இருப்பது உண்மை. அழுகிற மனைவியை உட்காரவைத்துப் பேசத் தெரியும். குடித்துவிட்டு வரும் உறவினரிடம் குரல் உயர்த்தாமல் நிற்கத் தெரியும். கணக்கும் கடிதமும் தெரியும். ஆனால் வற்றிப்போன முதியவரின் கையில் சிரையைக் கண்டுபிடித்துக் கேன்யூலா என்னும் மெல்லிய குழாயைப் போட அந்தப் பக்குவம் எதையும் கற்றுத் தராது. பின்னிரவில் ஒருவருடைய மூச்சின் வேகம் கூடும்போது, இது பயத்தால் வந்ததா, நுரையீரலில் நீர் கோத்து வந்ததா என்று பிரித்தறிவதையும் கற்றுத் தராது. அதைப் பலரைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. வார்டின் இன்சார்ஜ் சிஸ்டருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். அவர் என்னை "அக்கா" என்று அழைக்கிறார். அது அன்பினாலும் வளர்ப்பினாலும் வருவது. நம் தெருக்களில் வளர்ந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் அழைப்பார். ஆனால் அப்படி அழைப்பவர், "இந்தக் காயக்கட்டை நீங்கள் போட்ட விதம் சரியில்லை, பிரித்து மறுபடி போடுங்கள்" என்று சொல்லத் தயங்குகிறார். என்னோடு சேர்ந்த சின்னப் பெண்ணிடம் உடனே சொல்கிறார், ஒருமுறைக்கு இரண்டு முறை சொல்கிறார். அந்தப் பெண் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதை என்னிடம் யாரும் சொல்லவே இல்லை என்று நான் பிறகு அறிகிறேன். மரியாதையின் பெயரால் எனக்கு வர வேண்டிய திருத்தம் என்னை வந்தடையாமல் போகிறது. இதைத் தனிப்பட்ட துணிச்சலுக்கு விட்டுவிட முடியாது. ஒரு மூத்த செவிலியரைப் பெயர் சொல்லி நியமித்து, புதியவரைத் திருத்துவது உங்கள் வேலையின் ஒரு பகுதி என்று எழுத்தில் கொடுத்து, அந்தப் புதியவர் முன்னிலையிலேயே கண்காணிப்பாளர் இதைச் சொல்லிவிட்டால், இருவருடைய சங்கடமும் தீர்ந்துவிடும். நான் பணி நேரத்தில் என் இன்சார்ஜை "மேடம்" என்றுதான் அழைக்கிறேன். வயதில் மூத்தவராக வரும் மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. முன்பு அலுவலகத்தில் இருந்தவர் என்று தெரிந்தவுடன், காப்பீட்டுத் திட்டத்துக்கான முன் அனுமதித் தாள்கள், டிஸ்சார்ஜ் கோப்புகள், பில்லிங் பிரிவோடு தொலைபேசிப் பேச்சு எல்லாம் எங்களிடம் வந்து சேர்கின்றன. வேலை வேகமாக முடிவதால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த நேரத்தில் வார்டில் சிறுநீர்க் குழாயான கத்தீட்டர் போடுகிறார்கள், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் செய்கிறார்கள், ரத்தம் ஏற்றுகிறார்கள். நாங்கள் மேசையில் இருக்கிறோம். ஆறு மாதம் கழித்து அதே நிர்வாகம், "வயதாகி வந்தவர்களுக்குக் கைவேலை வராது" என்ற முடிவுக்கு வருகிறது. தயவுசெய்து முதல் மூன்று மாதம் எங்களை மேசையில் உட்கார வைக்காதீர்கள்.

வடசென்னைக்கு இதெல்லாம் ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனை நம் பகுதியின் பெருஞ்சுமையைத் தாங்குகிறது. ஆனால் விபத்து நடந்த பட்டறைக்கும் ஸ்டான்லிக்கும் இடையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலைகள் இருக்கின்றன. லேத் பட்டறையில் விரல் துண்டானவரை முதலில் பக்கத்தில் இருக்கும் உங்கள் மருத்துவமனைக்குத்தான் தூக்கி வருகிறார்கள். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லியில் அந்த விரலை மீண்டும் பொருத்த முடியுமா என்பதில், இங்கே முதல் பத்து நிமிடத்தில் செவிலியர் செய்வதற்குப் பெரும் பங்கு உண்டு: துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைக்க வேண்டும்; விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போட்டால் திசு கெட்டுவிடும். இதை அறியாத புதியவர் தனியாக இருக்கும் நேரத்தில் அந்தத் தொழிலாளி வந்தால், இழப்பு அவருடையது.

2023 டிசம்பர் 26 இரவை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்து, கிடைத்த வண்டியில் ஏறி மருத்துவமனைகளுக்குப் போனார்கள். நான் அப்போது மாணவி. அப்படிப்பட்ட இரவு எந்த வார்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அன்று நைட் டியூட்டியில் இருப்பவர் முதல் மாதத்துச் செவிலியராக, தனியாக இருக்கக் கூடாது. நெரிசலிலும் பயத்திலும் உறவினர்கள் கோபம் கொள்ளும் நேரமும் அதுவே. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைச் சிறைக்கு அனுப்பும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008 முதல் இருக்கிறது, ஆனால் அது அடி விழுந்த பிறகே உதவிக்கு வரும். அதற்கு முன் உதவுவது பக்கத்தில் நிற்கும் அனுபவமுள்ள ஒருவர்.

சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை முக்கியமற்றவை என்பதால் அல்ல, விவாதத்துக்கு இடமில்லாதவை என்பதால். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முதல் தவணை, ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று முறை போட வேண்டியது. சேரும்போதே அதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், போடாதவருக்கு உங்கள் செலவில் போடுங்கள். ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டு விழும் என்று அஞ்சி மறைப்பவர் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார். மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். அவற்றைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

ஊதியத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட ஆணைப்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறுக்கும் மேல் படுக்கைகள் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பகுதியில் அந்த அடிமட்டத் தொகையைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தின் ஒரு வருமானத்தை மூன்று ஆண்டு நிறுத்தி வைத்துப் படித்தவருக்கு, கடனும் பள்ளிக் கட்டணமும் எதிரே நிற்பவருக்கு, பயிற்சிக் காலம் என்று சொல்லி அதிலும் குறைத்துக் கொடுப்பது நியாயமாகாது. நான் கேட்கும் மூன்று மாதத்துக்கும் முழு ஊதியம் வேண்டும்.

செலவாகும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆகும். மூன்று மாதம் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து எண்ணிக்கையில் சேர்க்காமல் இருப்பதும், பக்கத்தில் நிற்கும் மூத்தவருக்கு நோயாளிகளைக் குறைத்து ஒரு சிறு படித்தொகை கொடுப்பதும் சிறிய மருத்துவமனைக்கு எளிதல்ல என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய நிலையையும் கணக்கில் எடுங்கள். இளையவர்கள் ஓராண்டு அனுபவச் சான்றிதழ் கிடைத்தவுடன் கிரீம்ஸ் சாலைப் பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விடுகிறார்கள். அது அவர்கள் உரிமை. அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர் வருகிறார். உங்கள் வார்டு எப்போதும் புதியவர்களாலேயே நடக்கிறது, கற்றுக்கொடுக்க வேண்டிய மூத்தவர்கள் களைத்துப் போகிறார்கள். வேறு தொழிலிலிருந்து வந்த நாங்கள் அப்படிப் போகக்கூடியவர்கள் அல்ல. எங்கள் வீடு இங்கே இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி இங்கே இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் நொறுங்கிப் போகாமல் எங்களைக் கரை சேர்த்தீர்களானால், பதினைந்து, இருபது ஆண்டுகள் உங்கள் வார்டிலேயே இருப்போம். என்னோடு படித்தவர்களில் ஒருவர், மிக நல்ல கைகள் கொண்டவர், முதல் மாதத்திலேயே தனியாக இரவு டியூட்டி கொடுக்கப்பட்டு, பயந்து, வேலையை விட்டுவிட்டுப் பழைய கடைக்கே திரும்பிவிட்டார். அவரை இழந்த மருத்துவமனைக்கு அவர் யாரென்றே இப்போது நினைவிருக்காது.

மூத்த செவிலியர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு யாரும் இப்படிப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றீர்கள் என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாட்களின் வலி உங்கள் பேச்சில் இன்னும் தெரிகிறது. அதே வழியில்தான் நாங்களும் வர வேண்டும் என்று நினைக்காமல், அந்த வலியைக் காரணம் காட்டியே நிர்வாகத்திடம் இந்த ஏற்பாட்டை நீங்களும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அதற்கு எங்கள் குரலைவிட எடை அதிகம்.

கண்காணிப்பாளர் அவர்களே, உங்கள் மருத்துவமனையில் இத்தகைய ஏற்பாடு முன்பே இருக்குமானால், அதை எப்படி நடத்துகிறீர்கள், மூத்தவருக்கு எத்தனை நோயாளிகளைக் குறைக்கிறீர்கள், எந்தெந்தக் கைவேலைகளை அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு புதியவரைத் தனியே விடுகிறீர்கள் என்பதை அண்டை மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், அடுத்து சேரப்போகும் ஒருவரிலிருந்து தொடங்குங்கள். அவர் சேரும் மாதத்து டியூட்டிப் பட்டியலில், அவர் பெயருக்கு நேரே அவருடைய மூத்தவரின் பெயரையும் எழுதி, எண்ணிக்கைக் கட்டத்தில் புதியவரை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் ஒரு செவிலியர்